நலப் பலகையின் ஒரே வாசகன்

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டீர்களா? சிவப்புப் புள்ளி தெரிகிறது. அப்படியானால் பதிவாகிறது என்று பொருள். மின்விசிறியை நிறுத்திவிடட்டுமா, அம்மா? அதன் சத்தம் என் பேச்சை விழுங்கிவிடும். வேண்டாமா? சரி, ஓடட்டும். பாளையங்கோட்டை வெயிலில் விருந்தாளியை வியர்க்க விடுவதும் முறையாகாது.

என் பேச்சைக் கேட்டு நீங்கள் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. அடக்க வேண்டாம். நான் இப்படித்தான் பேசுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கல்லூரி விடுதிச் சமையற்கட்டில் காய் நறுக்க வந்தேன். ஓய்ந்த நேரத்தில் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். அட்டை போட்டதை எல்லாம் படித்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் விடுதி மேற்பார்வையாளர் ஆனேன். என் மனைவி இருந்தவரை, "ஒங்களக் கெட்டுனதுக்கு ஒரு ரேடியோப் பெட்டிய வாங்கியிருக்கலாம், வேண்டாம்னா அணைச்சாவது வைக்கலாம்" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வானொலியைக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

நீங்கள் கல்லூரிக்கு மனநல ஆலோசகராக வந்து ஓராண்டு ஆகிறது என்றீர்கள். நெருக்கடிக் காலத்தில் மாணவர் நலம் காப்பது பற்றி ஒரு கையேடு அச்சாகிறது, பெருந்தொற்றுக் காலத்தில் விடுதியில் நான் செய்தவற்றைக் கேட்டு எழுத வேண்டும் என்றீர்கள். கல்லூரி ஆய்வக உதவியாளர் தர்மமுனீஸ்தான் உங்களை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனான் என்றும், பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போவான் என்றும் சொன்னீர்கள். அவன் பெயரை வாசலிலேயே சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன். முழுவதும் வேடிக்கை அல்ல.

கையேட்டின் முதல் பக்கம் என்று ஒரு தாளைக் கொடுத்தீர்கள் அல்லவா? அதை நான் கவிழ்த்து வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். அதற்கு வருவேன். வராமல் விடமாட்டேன். இப்போது மணி பத்தே முக்கால்.

இரண்டாயிரத்து இருபது, மார்ச் மாதம். விடுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டே நாளில் இருநூற்று நாற்பது பேர் பெட்டியும் படுக்கையுமாகக் கிளம்பிப் போனார்கள். பதினொருவர் தங்கிவிட்டார்கள். அந்தமான் பையன் பிரிட்டோவுக்குக் கப்பல் இல்லை. மணிப்பூரிலிருந்து வந்த இருவருக்கு ரயில் இல்லை. மற்றவர்களுக்கும் இப்படி ஒவ்வொரு காரணம். முனீஸ் சாயல்குடிக்காரன். நினைத்திருந்தால் நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"எங்கப்பா ஆந்திராவுக்கு லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு சார். வீடு பூட்டிக் கெடக்கு. அடுத்த வாரம் போயிக்கிறேன்" என்றான்.

அடுத்த வாரம் நாடே பூட்டிக் கிடந்தது.

விடுதிக் காப்பாளரான பேராசிரியர் தம் ஊரில் மாட்டிக்கொண்டார். தொலைபேசியில், "சிகாமணி, பிள்ளைங்க ஒங்க பொறுப்பு" என்றார். ஞானசிகாமணி என்ற முழுப்பெயரைச் சொல்லும் பொறுமை அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் பொறுப்பை முழுதாகவே தந்தார். நானும் முழுதாகவே ஏற்றுக்கொண்டேன். இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்: காலை ஏழு மணிக்குப் பதினொருவரையும் முற்றத்தில் நிறுத்தி வெப்பம் பார்ப்பேன். ஒரே வெப்பமானிதான், ஒவ்வொருவருக்கும் துடைத்துத் துடைத்து வைப்பேன். பிறகு கபசுரக் குடிநீர். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாலும் சரி, என் கண்முன்னே குடிக்க வேண்டும். பத்து மணிக்குள் துணி துவைத்தாக வேண்டும். மாலையில் சுண்டல், கேரம் பலகை. மூன்று மாதத்தில் ஒருவனுக்கும் காய்ச்சல் வரவில்லை. ஒருவனுக்கும். அந்தப் பெருமையை எவரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. பறிக்க எவரும் வரவும் இல்லை. அதுதான் என் சங்கடம்.

உடலுக்கு இவ்வளவு. மனத்துக்கு? பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர் மனநலம் காக்க ஒன்பது கட்டளைகள். மூன்றாவது கட்டளை: "அச்சமூட்டும் செய்திகளிலிருந்து மாணவர்களை இயன்றவரை விலக்கி வைக்கவும்." அதன் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தச் சுற்றறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. இதோ, இந்த மேசை இழுப்பறையில்தான். பொறுங்கள், இப்போது எடுக்கவில்லை.

மூன்றாவது கட்டளையின்படி பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியின் இணைப்பைக் கழற்றி என் அறையில் வைத்துப் பூட்டினேன். நாளிதழை நான் மட்டும் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தேன். அதற்கு மாற்றாக, உணவுக்கூட வாசலில் இருந்த கரும்பலகையைக் கழுவி, மேலே 'நலப் பலகை' என்று எழுதி, தினமும் காலையில் நல்ல செய்திகளை மட்டும் என் கைப்பட எழுதி வைத்தேன். எனக்கு அச்சில் ஒரு வரியும் வந்ததில்லை, அம்மா. இளமையில் பத்திரிகைகளுக்கு அனுப்பியவை எல்லாம் போன உறையிலேயே திரும்பி வந்தன. ஆகவே அந்தப் பலகைமேல் எனக்கு ஒரு தனி மோகம் இருந்தது. ஒரு வாக்கியத்தை நான்கு முறை அழித்து எழுதுவேன். "இன்று விடுதியில் அனைவரும் நலம். காய்ச்சல் கண்டோர் எவருமிலர். கீழைச் சுவரோரத்து வேம்பில் குயில் ஒன்று விடியலை வாழ்த்திற்று." இப்படி.

பிரிட்டோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று படிப்பான். "சார், குயிலு நேத்தும் வாழ்த்துச்சு. அதுக்கு வேற சோலியே இல்லையா?" என்பான். மணிப்பூர்ப் பையன்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு அவனே மொழிபெயர்ப்பான். என்ன மொழிபெயர்த்தானோ, அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குயில் மாதிரிக் கூவிவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் நான் கண்டித்தேன். பிரிட்டோ சொன்னான்:

"கோவப்படாதீங்க சார். நாட்டுல என்ன நடக்குதுன்னு எங்களுக்கு எல்லாம் போன்லயே வந்துருது. உங்க பலகைய உண்மையா நம்பிப் படிக்கிறவன் ஒருத்தன்தான் இருக்கான். முனீஸ். அவன்கிட்டதான் போன் இல்ல."

அது உண்மை. மற்றவர்கள் சுண்டல் எப்போது என்று பார்ப்பதற்காகப் படித்தார்கள். முனீஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பான். படித்துவிட்டு, "குயில் நான் கேக்கலியே சார், எந்நேரம் கூவுச்சு?" என்று கேட்பான். எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே வாசகன், அம்மா. ஒரே வாசகன்.

அவனிடம் கைப்பேசி இல்லாத காரணத்தையும் பிரிட்டோதான் சொன்னான். மார்ச் தொடக்கத்தில் ஊருக்குப் போயிருக்கிறான். முந்தைய பருவத் தேர்வில் இரண்டு தாளில் தோல்வி. தாயில்லாப் பிள்ளை. தந்தை வழிவிட்டான் லாரி ஓட்டி இவனைப் படிக்க வைக்கிறார். வீட்டில் ஏதோ விசேஷம், சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரம். "எந்நேரமும் போன நோண்டுனா எப்புடிப் பாசாவ?" என்று எல்லார் முன்னிலையிலும் அறைந்து, கைப்பேசியைப் பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்துவிட்டார். அன்று மாலையே இவன் பேருந்து ஏறிவிட்டான். ஆந்திரா லோடு, பூட்டிய வீடு என்றதெல்லாம் கதை.

நான் அவனைக் கூப்பிட்டு, "பிரிட்டோவின் கைப்பேசியில் உன் தந்தையிடம் ஒரு வார்த்தை பேசேன்" என்றேன். இதை நான் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அவரா பேசட்டும் சார். ஒங்க நம்பர் அவருகிட்ட இருக்கு. அட்மிசன் அன்னைக்கே எழுதி வாங்கிக்கிட்டாரு. நானாப் பேச மாட்டேன்" என்றான்.

அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் பாதி மிஞ்சும். கேரம் ஆடக் கூப்பிட்டால் வரமாட்டான். என் அலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். பேசிவிட்டு வைத்தால் தலை தாழ்ந்துவிடும். உங்கள் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். எனக்குத் தெரிந்த பெயர் 'சோர்வு'. முட்டை ஒன்று கூடுதலாக வைத்தேன். முட்டை வைத்தேன் என்பதை இப்போது சொல்லும்போது எனக்கே நாணமாக இருக்கிறது.

ஏப்ரல் ஒன்பதாம் நாள். காலை பதினொரு மணி. அன்றுதான் அவன் முதல் முறையாகக் கேரம் பலகை முன் உட்கார்ந்திருந்தான். சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டுப் பிரிட்டோவைப் பார்த்துச் சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்தே மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் என் அலைபேசி ஒலித்தது. நான் சமையற்கட்டில் இருந்தேன்.

"சார், முனீஸ் அப்பா பேசுறேன். ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரியில கெடக்கேன் சார். மூச்சு இழுக்கமாட்டேங்குது. பயகிட்டக் கொஞ்சம் குடுங்க."

நான் சாளரத்தின் வழியே முற்றத்தைப் பார்த்தேன். அவன் அடுத்த காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கட்டளை என் நினைவுக்கு வந்தது. அச்சமூட்டும் செய்தி. இயன்றவரை விலக்கி வைக்கவும். "அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். வந்ததும் சொல்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று இரவு உணவில் அவன் தட்டு காலியாக இருந்தது. பார்த்தாயா, நாம் செய்தது சரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் முகம் மாறுகிறது, அம்மா. கைப்பேசியை எடுக்க வேண்டாம். ஓடட்டும்.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது முறை பேசினார். குரல் பாதியாகியிருந்தது. "பய இருக்கானா சார்?" என்றார். பையன் அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். ஓர் அழைப்பில் வந்துவிடுவான். நான் சொன்னேன்: "தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. கூடத்தில் இருக்கிறான்."

தேர்வா? கல்லூரியே பூட்டிக் கிடந்தது. ஆனால் லாரி ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும்?

"பரீட்சையா சார்? அப்ப வேணாம், வேணாம், எழுதட்டும்" என்றார் அவசரமாக. தாம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டதுபோல. "நான் பேசுனேன்னுகூடச் சொல்லிக்கிறாதீங்க. கவனம் செதறிப்போகும்."

அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். மருத்துவ அவசரம் என்று விண்ணப்பித்தால் மாவட்டம் விட்டு மாவட்டம் போக அனுமதிச் சீட்டு தந்துகொண்டிருந்தார்கள். பேராசிரியரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் என்று நானே பல முறை கேட்டுக்கொண்டேன். மூன்றாவது கட்டளை என்பது ஒரு விடை. அது நாகரிகமான விடை. இன்னொன்றும் உண்டு. மறுநாள் பலகைக்கு ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அதைப் படிக்க அவன் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இதை என் வாயால் இன்றுதான் முதல் முறை கேட்கிறேன். காரணம் இவ்வளவு சிறிதா என்று இருக்கிறது.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பதினான்காம் நாள் மூன்றாவது அழைப்பு. அன்று அவர் மகனைக் கேட்கவில்லை. "நான் சொல்றத மட்டும் எழுதிக்கிருங்க சார்" என்றார். கையில் கிடைத்த தாள் அந்தச் சுற்றறிக்கை. அதன் பின்பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "சரியா இருக்கு" என்றார். தொடர்பு அறுந்தது.

அதைக் கொடுத்தால் தந்தை மருத்துவமனையில் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து நாளாக மறைத்ததையும் சொல்ல வேண்டும். அவர் தேறி வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று மாலை சுண்டல் வாங்க வந்தவன் வரிசையிலிருந்து விலகி நின்றான். மற்றவர்கள் போனதும் கேட்டான்:

"சார், எங்க வீட்டுல இருந்து யாரும் பேசுனாங்களா?"

"இல்லையே."

"இன்னும் கோவத்துலதான் இருக்காரு போல."

"அழைப்பு இல்லை என்றால் அனைவரும் நலம் என்று பொருள். பலகையில் எழுதியிருக்கிறேனே, பார்க்கவில்லையா?"

"பாத்தேன் சார்" என்றான். தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் கையை நீட்டினால் எட்டும் தூரம்.

பதினாறாம் நாள் காலையில் அவனுடைய அத்தை பேசினாள். விடியற்காலையில் உயிர் போய்விட்டது, அன்றைய காலத்து விதிப்படி உடனே அடக்கம் செய்யப் போகிறார்கள், பிள்ளை வந்து சேர முடியாது என்று அழுதாள். "கடேசி வரைக்கும் பரீச்ச முடிஞ்சிருச்சா, பரீச்ச முடிஞ்சிருச்சான்னுதான் கேட்டாரு, என்ன பரீச்சண்ணே அது?" என்றாள்.

அழைப்பைத் துண்டித்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். சாகப்போகும் மனிதர் பேசுகிற பேச்சா இது என்று தோன்றியது. கைப்பேசி, கடை, பேருந்து நிலையம். ஒரு பிள்ளை காலமெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தக்கதாக ஒரு சொல்கூட அதில் இல்லை என்று எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன், அம்மா. தவிர, அதைக் கொடுத்தால் எப்போது சொன்னார் என்று கேட்பான். ஆகவே வேறொன்று எழுதினேன். நான்கு முறை அடித்து எழுதினேன். நண்பகல் ஆகிவிட்டது. அந்த அரை நாளும் அவன் தந்தை உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனை அழைத்து உட்கார வைத்துச் சொன்னேன். இரண்டே நாள் நோய், திடீரென்று முற்றிவிட்டது, இன்று காலையில் மருத்துவமனைச் செவிலியர் வழியாக உனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார், அதன் பின் அடங்கிவிட்டார் என்றேன். செய்தியைச் சொன்னேன்.

இப்போது அந்தத் தாளைத் திருப்புங்கள். நீங்களே படியுங்கள், எனக்குக் கண்ணாடி வேண்டாம், மனப்பாடம். "மகனே, கல்வி என்பது உன் கரங்களில் நான் விட்டுச்செல்லும் விளக்கு. எந்தக் காற்றிலும் அதை அணையவிடாதே." கீழே, 'பெருந்தொற்றில் மறைந்த ஒரு தந்தை தம் மகனுக்கு விடுத்த இறுதிச் செய்தி' என்று போட்டிருக்கிறீர்கள். முனீஸ் சொல்லக் கேட்டுப் போட்டிருப்பீர்கள். அழகான எழுத்துரு. என் எழுபத்தோரு வயதில், அச்சில் வரும் என் முதல் வாக்கியம் இது.

அவன் அன்று உடனே அழவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தான்.

"எங்கப்பாவா சார் இப்புடிச் சொன்னாரு?"

"ஆம்."

"விளக்குன்னா சொன்னாரு?"

"ஆம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லை."

"போனப் பத்தி எதுவும்?"

"இல்லை, முனீஸ்."

அதன் பிறகுதான் அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதை எழுதிய அந்தக் கையால்தான். பேராசிரியருக்குச் செய்தி சொன்னேன். அவர் மாலைக்குள் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரே மாலைக்குள், அம்மா.

மறுநாள் அவன் புறப்பட்டுப் போனான். பலகையில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் நின்றேன். பிறகு வழக்கம் போலவே, 'அனைவரும் நலம்' என்று எழுதினேன். பிரிட்டோ அதைப் பார்த்தான். ஒன்றும் கேலி செய்யவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துணியை எடுத்து அந்த வரியை மட்டும் துடைத்துவிட்டுப் போனான். அன்றோடு அந்தப் பலகை முடிந்தது.

ஊரில் அத்தை சொன்ன பரீட்சைப் பேச்சை முனீஸ் காய்ச்சல் பிதற்றல் என்றும், நோய் நீண்டதை நானும் அறியாதது என்றும் எடுத்துக்கொண்டான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முனீஸ் திரும்பி வந்து எல்லாத் தாளிலும் தேறினான். கல்லூரி ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த வீட்டுக்கு வருவான். மனைவி இல்லாத வீடு என்று அவனே வந்து ஒட்டடை அடித்து, நட்சத்திர விளக்கைக் கட்டிவிட்டுப் போவான். இரண்டாம் ஆண்டிலிருந்து 'சார்' என்பதை விட்டுவிட்டு 'அப்பா' என்று கூப்பிடுகிறான். "எங்கப்பா கடைசியாச் சொன்னத எங்கிட்டக் கொண்டுவந்து சேத்தவரு நீங்கதான்" என்பான். ஐந்து கிறிஸ்துமஸ். ஐந்து முறையும் இந்த இழுப்பறையை ஒருமுறை திறந்தேன், ஒருமுறை மூடினேன்.

அவன் இன்னும் பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான் வைத்திருக்கிறான், கவனித்திருப்பீர்கள். கல்லூரியில் அவனைச் சிக்கனக்காரன் என்று கேலி செய்வார்களாம். நானும் ஒருமுறை, வேலைக்குப் போகிறாயே, நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்றேன். "வேணாம்ப்பா. அவருக்குப் புடிக்காது. அதுனாலதான அவரு கடைசிவர எங்கிட்டப் பேசல" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

நீங்கள் சொல்கிறீர்கள், அன்றைய நிலையில் யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள் என்று. அது உங்கள் தொழிலின் கனிவு. அதை மாணவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் குழம்பவில்லை. மிகத் தெளிவாக இருந்தேன். கையேட்டில் அதை எழுத முடியுமானால் எழுதுங்கள்: பிள்ளைகளுக்குச் செய்தி போகாமல் தடுத்தவன் மிகத் தெளிவாக இருந்தான், அவர்களுக்கு வேளைக்கு முட்டை கொடுத்தான்.

முதல் பக்கத்து வரியை எடுத்துவிடுங்கள். அது அந்த மனிதர் சொன்னதல்ல.

என்ன? அதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டுமா? ஆம். தெரிகிறது. உங்களிடம் சொன்னால் அது அவனுக்குச் சொன்னதாக ஆகிவிடும் என்று காலையிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இதைச் சொல்லிவிட்டால் அவன் என்னை எப்படிக் கூப்பிடுவான் என்று தெரியவில்லை. 'சார்' என்றாவது கூப்பிடுவானா என்பதும் தெரியவில்லை.

அது அவன் வண்டிச் சத்தம்தான். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அவன் எப்போதும் முன்னதாகவே வந்துவிடுவான்.

நீங்கள் எழுந்து போக வேண்டாம், அம்மா. உட்காருங்கள். சிவப்புப் புள்ளி எரியட்டும். நான் பாதியில் நிறுத்தினாலோ, இடையில் என் சொல் எதையாவது கலந்தாலோ ஒரு சாட்சி வேண்டும். இழுப்பறை கொஞ்சம் இறுகியிருக்கிறது. இதோ, வந்துவிட்டது.

வா, முனீஸ். செருப்பைப் பிறகு கழற்றலாம். இந்த நாற்காலியில் உட்கார். இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேடத்துக்கும் ஒன்றும் இல்லை. உன் தந்தையார் தம் இறுதி நாட்களில்... இல்லை. இப்படி வேண்டாம். முனீஸ், உங்கப்பா மூணு தடவ எனக்கு போன் பண்ணாரு. நான் உங்கிட்டக் குடுக்கல. கடைசித் தடவ சொன்னத எழுதி வச்சிருக்கேன். விளக்குன்னு சொன்னது நானு. அவரு சொன்னது இதுதான். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லு.

"சார், நான் சொல்றத அப்புடியே சொல்லிருங்க. போன ஒடச்சது என் தப்புதான். ஆளுக முன்னால வச்சு அடிச்சதும் தப்புதான். அன்னைக்குச் சாயந்தரம் அவன் பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். சன்னலோரம் உக்காந்திருந்தான். கூப்புட வாய் வரல. டீக்கடைக்குப் பின்னால நின்னு, பஸ்ஸு கெளம்புற வரைக்கும் பாத்துட்டு வந்தேன். பரமக்குடியில ஒரு கடையில போனு சொல்லி வச்சிருக்கேன். கருப்புக் கலரு. கடை தொறந்ததும் போயி வாங்கிக்கிறச் சொல்லுங்க. பெயிலானாப் பரவால்ல, மறுபடி எழுதிக்கிறலாம். எனக்குக் கோவமில்லன்னு சொல்லுங்க. அவனுக்கு எம்மேல இருந்தா இருந்துட்டுப் போகுது, எனக்கு இல்ல. மறந்துறாதீங்க சார்."